‘அக்செப்ட் ஆல்’ கொடுத்தால் என்ன ஆகும்? பிரவுசிங் சென்டரிலும் சொந்த போனிலும் குக்கீயைக் கட்டுப்படுத்துவது எப்படி?

சென்னை - சேலம் தேசிய நெடுஞ்சாலையில், உளுந்தூர்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே இருக்கிறது தியாகதுருகம். இப்படியான ஊர்களில் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் கடையும்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இணையத்தின் வாசல். பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் கல்லூரி விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்ததும் அதற்கான பதிவு, இடையில் ஒரு பட்டா நகல், ஒரு மின்கட்டணம். ஒரே கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்குப் பல பேர் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள்.

அந்தத் திரையில் அடிக்கடி ஒரு பெட்டி எழும்பும். ஆங்கிலத்தில் நாலு வரி இருக்கும். பளிச்சென்ற நிறத்தில் ‘அக்செப்ட் ஆல்’ என்று ஒரு பட்டன் இருக்கும். படிக்க நேரமில்லை, பின்னால் ஆள் காத்திருக்கிறார். அழுத்திவிட்டு வந்த வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம். வீட்டுக்குப் போய் சொந்த போனை எடுத்தாலும் இதே கதைதான்.

அந்தப் பெட்டி கேட்பது, ‘குக்கீ’ வைத்துக்கொள்ள அனுமதி. இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பிரவுசிங் சென்டரில் ஆபத்தைக் கொண்டுவரும் குக்கீ வேறு, சொந்த போனில் தொல்லை தரும் குக்கீ வேறு. பெட்டி நம்மைக் கேட்பது இரண்டாவதைப் பற்றி மட்டும்தான். முதலாவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை.

குக்கீ என்றால் என்ன?

பேருந்து நிலையத்துப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துப் பாருங்கள். வண்டியை விட்டதும் ஒரு டோக்கன் தருவார்கள். பாதி வண்டியில் தொங்கும், பாதி உங்கள் கையில் இருக்கும். ஸ்டாண்டுக்காரருக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் வந்து டோக்கனை நீட்டினால், எண்ணைப் பார்த்து எந்த வண்டி என்று கண்டுபிடித்துவிடுவார்.

குக்கீயும் அப்படித்தான். ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, அந்தத் தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு சின்ன எழுத்துத் துண்டைக் கொடுத்து வைக்கிறது. பெரும்பாலும் அதில் இருப்பது ஒரு நீளமான எண். அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது, பிரவுசர் அந்த எண்ணைத் தானாகவே எடுத்து நீட்டும். ‘ஓ, அதே ஆள்தான்’ என்று தளம் புரிந்துகொள்ளும். ஒரு குக்கீயின் அளவு சுமார் 4 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். போட்டோ ஒன்றின் அளவோடு ஒப்பிட்டால் தூசு மாதிரி.

இது எதற்கு? இணையத்துக்கு இயல்பிலேயே ஞாபக மறதி. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், முந்தைய பக்கத்தில் இருந்தவர் நீங்கள்தான் என்பது சர்வருக்குத் தெரியாது. ஆன்லைன் கடையில் கூடையில் போட்ட பொருள், அடுத்த பக்கம் போனதும் காணாமல் போய்விடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மான்டுல்லி உருவாக்கியதுதான் குக்கீ. புரோகிராமர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த ‘மேஜிக் குக்கீ’ என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. பிஸ்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குக்கீ என்பது வைரஸ் கிடையாது. அது தானாக இயங்காது, உங்கள் கேலரியைத் திறக்காது, பேசுவதை ஒட்டுக் கேட்காது. அது வெறும் டோக்கன். டோக்கன் யார் கையில் இருக்கிறது, டோக்கன் எண்ணை யார் குறித்துவைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் பிரச்சினையே தொடங்குகிறது.

பிரவுசிங் சென்டரில் என்ன ஆபத்து?

சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கன் தொலைந்து வேறொருவர் கையில் கிடைத்தால் வண்டி யாருக்கு? டோக்கன் வைத்திருப்பவருக்கு.

இமெயிலிலோ வேறு கணக்கிலோ யூசர் நேம், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கொடுத்து உள்ளே போனதும், தளம் உங்களுக்கு ஒரு ‘லாகின் குக்கீ’ தருகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளிக்குக்கும் பாஸ்வேர்டு கேட்பதில்லை, அந்தக் குக்கீயைத்தான் பார்க்கிறது. ‘லாக் அவுட்’ கொடுக்காமல் எழுந்து போனால் அது அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். அடுத்து உட்காருபவருக்குப் பாஸ்வேர்டு தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை.

டேபை மூடினால் போதாதா? போதாது. பிரவுசரை முழுவதுமாக மூடினால் அழிந்துபோகும் தற்காலிகக் குக்கீ ஒரு வகை. மூடினாலும் நாள் கணக்கில், மாதக் கணக்கில் தங்குவது இன்னொரு வகை. ‘என்னை நினைவில் வைத்துக்கொள்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். கூகுள் குரோமில் ஒரு குக்கீ அதிகபட்சம் 400 நாள்வரை இருக்கலாம். தளத்துக்கு மறுபடி போகும்போது அந்தக் கெடு புதுப்பிக்கவும்படலாம்.

வங்கித் தளங்களும் பல அரசுத் தளங்களும் சில நிமிடம் சும்மா இருந்தால் தாமாகவே வெளியேற்றிவிடும். இமெயில் அப்படியில்லை. இமெயில்தான் மற்ற எல்லாப் பூட்டுக்கும் சாவி. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று கொடுத்தால் பெரும்பாலான தளங்கள் புது பாஸ்வேர்டுக்கான லிங்க்கை அங்கேதான் அனுப்பும். கல்லூரி விண்ணப்பத்துக்காகத் திறந்த ஜிமெயில் திறந்தபடியே கிடந்தால், அதோடு இணைந்த மற்ற கணக்குகளுக்கும் கதவு திறந்து கிடப்பதாகத்தான் அர்த்தம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. குக்கீயைத் திருடியே கணக்கைக் கைப்பற்றும் கும்பல்கள் உலகம் முழுக்க உண்டு. விளம்பர ஒப்பந்தம் தருவதாக யூடியூபர்களுக்கு மெயில் அனுப்பி, தீங்கு தரும் மென்பொருளை இறக்கவைத்து, லாகின் குக்கீயைத் திருடும் மோசடி பற்றி 2021 அக்டோபரில் கூகுளே விரிவாக எச்சரித்தது. 2023 மார்ச்சில், கோடிக்கும் மேற்பட்ட சப்ஸ்கிரைபர்களைக் கொண்ட ‘லைனஸ் டெக் டிப்ஸ்’ யூடியூப் சேனல் இதே பாணியில் பறிபோய், பிறகு மீட்கப்பட்டது. பாஸ்வேர்டு திருடுபோகவில்லை, இரட்டைப் பாதுகாப்பு உடைக்கப்படவும் இல்லை. டோக்கன் கைமாறியது, அவ்வளவுதான். தொழில்நுட்பத்தையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை.

பொதுக் கம்ப்யூட்டரில் என்ன செய்ய வேண்டும்?

1. உட்கார்ந்ததும் குரோமில் ‘கெஸ்ட்’ பயன்முறையையோ மறைநிலை எனப்படும் ‘இன்காக்னிட்டோ’ சாளரத்தையோ திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து அந்தச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடினால் குக்கீகள் அழிந்துவிடும்.

2. ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். ‘நினைவில் வைத்துக்கொள்’ கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

3. எழுவதற்கு முன் ஒவ்வொரு கணக்கிலும் ‘லாக் அவுட்’ கொடுங்கள். முறையாக லாக் அவுட் கொடுத்தால், தளம் தன் பக்கத்தில் அந்த டோக்கனை ரத்து செய்துவிடும். டேபை மூடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

4. டவுன்லோடு செய்த ஆதார், மார்க் ஷீட் ஃபைல்களையும் அழியுங்கள். குக்கீ போனாலும் டவுன்லோடு செய்த ஃபைல் அந்த மெஷினிலேயே இருக்கும்.

சரி, லாக் அவுட் கொடுக்க மறந்து ஊருக்குப் போய்விட்டால்? கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்துபோனவருக்கு, திரும்ப வருவதென்றால் இன்னொரு நாள் வேலை கெட்டுப்போகும். அதற்கு அவசியமில்லை. உங்கள் போனிலேயே கூகுள் கணக்கின் ‘பாதுகாப்பு’ பகுதிக்குள் போனால், ‘உங்கள் சாதனங்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். தெரியாத கம்ப்யூட்டரைத் தொட்டு வெளியேற்றிவிடலாம். பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் வாட்ஸ்அப்பின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குப் போய் அதையும் துண்டிக்கலாம். ஃபேஸ்புக்கிலும் இதே வசதி உண்டு.

இன்காக்னிட்டோவுக்கும் ஓர் எல்லை உண்டு. அது அந்தக் கம்ப்யூட்டரில் தடயம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். நீங்கள் போகும் தளத்திடமிருந்தோ, இணைய இணைப்பு தருபவரிடமிருந்தோ உங்களை மறைக்காது. கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டைப் பதிவுசெய்யும் மென்பொருள் இருந்தால் அதையும் தடுக்காது. இன்காக்னிட்டோவிலும் பயனர்கள் பின்தொடரப்பட்டார்கள் என்று அமெரிக்காவில் 2020-ல் தொடரப்பட்ட வழக்கில், பல நூறு கோடி பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது. எனவே வங்கிப் பரிவர்த்தனையைப் பொதுக் கம்ப்யூட்டரில் தவிர்ப்பதே நல்லது.

சொந்த போனில் என்ன தொல்லை?

இங்கே கதை வேறு. உங்கள் போன் உங்கள் கையில்தான் இருக்கிறது, டோக்கனை யாரும் எடுத்துப்போகவில்லை. ஆனால் டோக்கன் எண்ணை ஒருவர் எல்லா இடத்திலும் குறித்துக்கொண்டே வருகிறார்.

ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். செய்தி அந்தத் தளத்தினுடையது. அதன் நடுவே வரும் விளம்பரம் வேறொரு நிறுவனத்திடமிருந்து வருகிறது. அந்த நிறுவனமும் உங்கள் பிரவுசரில் ஒரு குக்கீ வைக்கலாம். இதற்குப் பெயர் ‘மூன்றாம் தரப்புக் குக்கீ’. அதே விளம்பர நிறுவனம் சமையல் தளத்திலும் இருக்கும், வேலைவாய்ப்புத் தளத்திலும் இருக்கும், மருத்துவத் தகவல் தளத்திலும் இருக்கும். கடைவீதியில் எல்லாக் கடை வாசலிலும் ஒரே நிறுவனத்தின் ஆள் நோட்டும் பேனாவுமாக நிற்பது மாதிரி. பெயர் தெரியாது, ஆனால் ‘இந்த எண்காரர் காலையில் போர்வெல் மோட்டார் விலை பார்த்தார், மதியம் நகைக்கடன் வட்டி பார்த்தார், ராத்திரி மூட்டுவலி பற்றிப் படித்தார்’ என்று குறிப்பு சேர்ந்துவிடும். செய்தித் தளங்களும் இதற்கு விலக்கல்ல, அவற்றின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரம்தான்.

‘விளம்பரம்தானே, வந்தால் வரட்டும்’ என்று தோன்றலாம். ஆனால் கையில் காசு இல்லாத நேரத்தில் கடன் தேடியவருக்குக் கடன் விளம்பரமே திரும்பத் திரும்ப வருவது சாதாரண விஷயமில்லை. ஒரே போனை வீடே பயன்படுத்தும் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மா தன் உடல்நலம் பற்றித் தேடியது, மகன் போனை வாங்கி கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும்போது விளம்பரமாக வந்து நிற்கலாம். விளம்பர நிறுவனத்துக்கு அந்த வீடே ஒரே ஆள்தான். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் முதலில் தெரியவருவது வீட்டுக்குள்ளேயே என்றால், அதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பிரவுசர் நிறுவனங்கள் என்ன செய்தன?

ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுமையாகத் தடுக்கிறது. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 2019-லிருந்து பின்தொடரும் குக்கீகளைத் தடுக்கத் தொடங்கி, 2022-ல் ஒரு தளத்தின் குக்கீகளை மற்றொரு தளத்தில் பயன்படுத்த முடியாதபடி தனித்தனி டப்பாவில் அடைத்துவிட்டது.

கூகுள் குரோமும் 2 ஆண்டுக்குள் மூன்றாம் தரப்புக் குக்கீகளுக்கு முடிவுகட்டுவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. கெடு தள்ளிக்கொண்டே போனது. 2024 ஜூலையில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. இதற்காகத் தனியாக ஒரு கேள்விப் பெட்டியைக்கூடக் காட்டப்போவதில்லை என்று 2025 ஏப்ரலில் கூகுள் சொல்லிவிட்டது. கூகுளுக்குக் குரோமும் உண்டு, விளம்பரத் தொழிலும் உண்டு என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனமான டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கும் முடிவை அது 2007-லேயே அறிவித்திருந்தது.

ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் முதலிலேயே இருப்பது குரோம்தான். ஆகவே அங்கே குக்கீயைத் தடுக்கும் வேலை பயனரின் தலையில்தான் விழுகிறது.

போனில் எப்படித் தடுப்பது?

குரோமைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘அமைப்புகள்’ போக வேண்டும். அதில் ‘தள அமைப்புகள்’ என்ற பகுதிக்குள் ‘மூன்றாம் தரப்புக் குக்கீகள்’ இருக்கும். அங்கே ‘தடு’ என்பதைத் தேர்வுசெய்தால் முடிந்தது. எப்போதாவது ஒரு தளம் சரியாக வேலை செய்யவில்லை என்றால், அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை அழிக்க, அதே மூன்று புள்ளியில் ‘உலாவிய தரவை நீக்கு’ என்ற வசதி இருக்கிறது. இதைச் செய்தால் பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். பாஸ்வேர்டுகள் ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அழிப்பது நல்லது. எல்லாக் குக்கீகளையும் ஒட்டுமொத்தமாகத் தடுக்கவும் முடியும். ஆனால் அப்படிச் செய்தால் எந்தத் தளத்திலும் லாகின் நிற்காது. அது தேவையில்லை.

ஒரு விஷயம் முக்கியம். குக்கீ பிரவுசர் சம்பந்தப்பட்டது. ஆப்கள் உங்களைப் பின்தொடர, ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் ‘விளம்பர ஐடி’யைப் பயன்படுத்துகின்றன. போனின் அமைப்புகளில் ‘கூகுள்’, அதற்குள் ‘விளம்பரங்கள்’ பகுதிக்குப் போய் அந்த ஐடியை நீக்கலாம். இந்த இரண்டையும் செய்தாலும் விளம்பரம் வரும், ஆனால் உங்களைத் துரத்திக்கொண்டு வருவது குறையும்.

திரையில் எழும்பும் அனுமதிப் பெட்டியில் ‘ரிஜெக்ட் ஆல்’ இருந்தால் அதையே அழுத்தலாம். பொதுவாகத் தளம் இயங்கத் தேவையான குக்கீகள் அப்போதும் இருக்கும், படிப்பதற்குத் தடை வராது. அந்தப் பட்டன் இல்லாமல் ‘மேனேஜ்’, ‘செட்டிங்ஸ்’ என்று சின்ன எழுத்தில் இருந்தால், மறுக்கும் வசதி பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஏற்பது ஒரு கிளிக், மறுப்பது ஏன் நாலு கிளிக்?

இது தற்செயல் அல்ல. ஏற்கும் பட்டன் பெரிதாகவும் மறுக்கும் வழி சுற்றிவளைத்தும் இருந்தால், பெரும்பாலானோர் ஏற்றுவிடுவார்கள் என்பது வடிவமைப்பவர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே டிக் செய்துவைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ல் தீர்ப்பளித்தது. குக்கீயை ஏற்பதைப்போல மறுப்பதைச் சுலபமாக வைக்காததற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதிப்பதாக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் அறிவித்தது. இங்கே நாம் பார்க்கும் பல அனுமதிப் பெட்டிகள், அந்த ஐரோப்பியச் சட்டத்துக்காகச் செய்யப்பட்டு நம் திரைக்கும் வந்தவைதான். ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அந்தச் சட்டத்தில் ‘குக்கீ’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஒருவரை அடையாளம் காண உதவும் எந்தத் தரவும் அதன் வரம்புக்குள் வரும். அப்படி அடையாளம் காட்டும் குக்கீகளும் அதில் அடங்கும்.

சம்மதம் பற்றி அந்தச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்வது இதுதான்: சம்மதம் சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விஷயம் தெரிந்து, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். நம்மைப் பொறுத்தவரை இன்னும் முக்கியமான ஒன்றும் அதில் இருக்கிறது. சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் 8-வது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதாவது ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அந்த 22-ல் தமிழும் உண்டு.

18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் 9-வது பிரிவு தடை விதிக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. சிறுவர்கள் தொடர்பான விதிகளை மீறினால் 200 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம்.

ஆனால் ஓட்டைகளும் இருக்கின்றன. அபராதத் தொகை அரசின் கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. ஒரே போனை வீடே பயன்படுத்தினால், திரைக்கு எதிரில் இருப்பது 12 வயதுக் குழந்தையா, 40 வயது அப்பாவா என்பதைத் தளம் எப்படி அறியும் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, காலம். இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்பு வாரியம் தொடர்பான விதிகள் உடனே நடைமுறைக்கு வந்தன. சம்மதம், மொழி, சிறுவர் பாதுகாப்பு போன்ற முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அந்த அறிவிக்கையின் கணக்குப்படி அது 2027 மே மாதம்.

அதற்குப் பிறகு, ஆங்கிலத்தில் மட்டும் சம்மதம் கேட்கும் பெட்டியைப் பார்த்தால் ‘இதைத் தமிழில் காட்டு’ என்று கேட்பது சலுகை அல்ல, சட்டம் தரும் உரிமை. முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் வசதியில் புகார் செய்ய வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். பிரவுசிங் சென்டரில் விட்டுவந்த லாகினுக்கு மட்டும் எந்தச் சட்டமும் ஓடிவராது. அதற்கு எழுந்திருக்கும் முன் கொடுக்கும் ஒரு ‘லாக் அவுட்’ போதும்.